இலையம்புக்கு நடந்த அநியாயம்

அநியாயம் நடந்தது, இலை வடிவ முனை கொண்ட அம்பான இலையம்புக்குத்தான். வேடன் அவளை வாரம் தவறாமல் அரத்தால் ராவுவான், சாணைக்கல்லில் தீட்டுவான், தன் முன்கை முடியை அவளால் மழித்துக் கூர் பார்ப்பான். இவ்வளவும் செய்துவிட்டு, வேட்டைக்கு மட்டும் மூவலகு அம்பைத் தூக்கிக்கொண்டு போவான். மூன்று அலகும் பளபளக்கும் அந்த ஆசாமி, வாங்கிய நாளிலிருந்து கல்லையே கண்டதில்லை. இலையம்புக்கு வாய்த்ததெல்லாம் கூடாரத்தில் இஞ்சி நறுக்கும் உத்தியோகம்.

அன்றைக்கு அந்தப் பருவத்தின் கடைசி வேட்டை. இந்தத் தடவையாவது தன்னை எடுப்பான் என்று காத்திருந்தாள்.

“காட்டுப்பன்றி, தங்கச்சி! உனக்கு அனுபவம் பத்தாது,” என்றது மூவலகு.

“கூட்டிட்டே போகாம அனுபவம் எங்கேருந்து வரும்? இஞ்சியிலேருந்தா?”

“இன்னும் கொஞ்சம் தீட்டிக்கோ, அப்புறம் பார்க்கலாம்,” என்று சொல்லிவிட்டு மூவலகு ஜம்மென்று கிளம்பியது.

மத்தியானமே திரும்பி வந்தது. பன்றியின் விலாவில் பட்டு வழுக்கி விழுந்ததாம். பன்றி வாலை ஆட்டிக்கொண்டே போய்விட்டதாம். “அந்தப் பன்றித் தோலே சரியில்லை,” என்றது மூவலகு.

வேடன் வெகுநேரம் யோசித்தான். பிறகு இலையம்பை எடுத்துச் சாணைக்கல்லில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கல்லண்ணே, குத்தாம வந்தது அவன்! தீட்டுறது என்னையா? இது எந்த ஊர் நியாயம்?”

இத்தனை நாள் வாயே திறக்காத சாணைக்கல் மெல்லச் சொன்னது: “அவனை ஒரு தடவைகூட என் மேல வச்சுப் பார்த்ததில்லையே, தாயி. அவன் மழுங்கல்னு வேடனுக்கு எப்படித் தெரியும்?”