பெற்றோல் தகரம் சுமக்கிறவன்

இறந்தோர் நினைவு நாளில், ஊர்விட்டு வந்த தமிழர் கூடும் அல்பெர்கேரியாக் கோயிலின் மேசை முழுக்கச் செத்தவர்களின் படங்களும் மெழுகுதிரிகளும் நிற்கின்றன. எமில்டா, தான் வேலை செய்யும் வீட்டு வெள்ளைக்கார எசமானி, சின்யோரா, குப்பையில் போடச் சொன்ன பழைய படமொன்றை, செத்துப்போன தன் கணவனுக்காக நடுவில் வைக்கிறாள். பாலைவன மணலில் அந்தக் காலத்துப் பயணிகள் விமானம், பக்கத்தில் சிரிக்கும் விமானி, ஓரத்தில் முதுகைக் காட்டியபடி பெற்றோல் தகரம் சுமக்கும் ஒருவன். படத்தின் பின்னால் விமானியின் பெயரும் அவருடைய நாயின் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றன. சுமக்கிறவனுக்குப் பெயரில்லை. “அக்கா, இது உங்கடை மனிசன் இல்லையே,” என்கிறாள் பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்தும் கிளறா. “இல்லை. அவரின்ரை படமெல்லாம் தொண்ணூறிலை, ஊர்ச் சண்டைக்கை, வீட்டோடை எரிஞ்சு போச்சு. இந்தத் தோள் அவரின்ரை தோள் மாதிரி.” “பூசை வைக்கிற சுவாமி கண்டால் எடுக்கச் சொல்லுவார்.” “சொல்லட்டும். நான் எடுக்கமாட்டன்.” எமில்டா படத்தை நடுவால் மடித்து நிறுத்துகிறாள். விமானி பின்பக்கம் போய்விட, எழுதிய பெயர்கள் மடிப்புக்குள் மறைந்துவிட, மெழுகுதிரி வெளிச்சத்தில் தகரம் சுமக்கிறவன் மட்டும் நிற்கிறான்.