ஸஹீதாவின் தலையணை உறைகள்

"பொண்ணு பாக்க வாறவங்க கேட்டா 'ஓம், நான்தான் தச்சன்' எண்டு சொல்லு. வேற ஒண்டும் பேசாத," என்றாள் ஸைனம்பு.

"பொய்தானே உம்மா?"

"பொல்லாத பொய்! நாலு தலையணை உறை. அதுக்குப் போய் நியாயம் பேச வந்திட்டாய்."

கட்டிலில் அந்த நாலு உறைகளும் விரித்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கொத்துக் காசித்தும்பை. சிவப்பு இதழில் வெள்ளைப் புள்ளி விழுந்த பூ. நூலில் தைத்தது என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், அத்தனை அழகு. ஆனால் ஸஹீதா தைத்ததல்ல. அந்தப் பிள்ளைக்கு ஊசியில் நூல் கோக்கவே அரை நாள் வேண்டும்.

அந்தத் தெருவில் பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் தலையணை உறை. பூத்தையல் தெரியாத பெண் என்று ஸஹீதாவுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப் போய்விட்டது. இது மூன்றாவது. ஏறாவூர் ஹவ்வா உம்மாவின் மகன், தங்கமான பிள்ளை என்று ஊரே சொன்னது. இதுவும் போனால் ஸைனம்பு எந்த முகத்தோடு வெளியில் தலைகாட்டுவாள்?

ஸஹீதாவுக்குத் தெரிந்ததெல்லாம் பூச்செடிதான். ஆவணி வெயிலிலும் கச்சான் காற்றிலும் ஊரே கருகிக் கிடக்க, இவள் மணலில் சாணியும் குளத்துச் சேறும் கலந்து, அரிசி கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் ஊற்றி, வளவு முழுக்கப் பூக்க வைத்திருந்தாள். ஸைனம்புவுக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடாது. யாராவது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால் போதும், கூட்டின வாசலையே மறுபடி கூட்டுவாள். ஆனால் பூச்செடியைக் காட்டி மாப்பிள்ளை எடுக்க முடியுமா?

அதனால்தான் போன மாதம் பொட்டணி யாவாரி கச்சி முகம்மதுவைப் பிடித்தாள். ஊர் ஊராகத் துணி சுமந்து விற்கிற மனிதர். அவருக்குத் தெரியாத வீடு இல்லை.

"தைக்க ஒராள் இரிக்கி. ஆரு எண்டு மட்டும் கேக்கப்படாது," என்றார் அவர். "மாதிரிக்கு ஒரு பூவைத் தா."

நம் வளவுப் பூவாகவே இருந்தால் மகள் பார்த்துத் தைத்ததாக நம்புவார்கள். ஸைனம்புவின் மூளையும் லேசுப்பட்டதல்ல.

"அந்தப் புள்ளிப் பூவில ஒண்டப் புடுங்கிக் குடு மகள்."

ஸஹீதா பிடுங்கவில்லை. "வழியிலயே வாடிப் போயிரும் உம்மா," என்று செடியையே மண்ணோடு ஒரு சிரட்டையில் வைத்து, ஈரத்துணி சுற்றிக் கொடுத்தாள். பொட்டணியோடு இதையும் சுமக்க வேண்டியிருக்கிறதே என்று கச்சி முகம்மது முணுமுணுத்துக்கொண்டே போனார். இருபத்தைந்தாம் நாள் உறைகள் வந்து சேர்ந்தன. அவற்றின் பின்னாலேயே இந்த ஏறாவூர்ச் சம்பந்தமும் வந்தது.

இன்றைக்கு ஹவ்வா உம்மாவும் வந்து சேர்ந்தாள். மட்டக்களப்பு வரை ரயில், பிறகு மாட்டு வண்டி. வந்தவள் நேரே உள்ளே வராமல் பூச்செடிகளுக்கிடையில் வெகுநேரம் நின்றாள்.

"உள்ளுக்கு வாங்க லாத்தா, வெயிலுக்க நிக்காதீங்க," என்று ஸைனம்பு தன்னிலும் மூத்தவளான அவளைக் கட்டிலடிக்கு இழுத்து வந்தாள்.

ஹவ்வா உம்மா ஓர் உறையை எடுத்தாள். முன்பக்கம் பார்த்தாள். புரட்டிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"ஆரு தச்ச?"

"வேற ஆரு லாத்தா, மகள்தான். ஊசியக் கையில எடுத்தா சோறு தண்ணி நினைவில்ல அவளுக்கு."

"நல்ல கை. ஒரு இதழ் தச்சிக் காட்டச் சொல்லுங்க. பாக்க ஆசையா இரிக்கி."

ஸைனம்பு முந்திக்கொண்டாள். "நூல் முடிஞ்சி போச்சே லாத்தா."

"அதுக்கென்ன, என்னட்ட இரிக்கி," என்று ஹவ்வா உம்மா இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையிலிருந்து சிவப்பு நூலும் ஊசியும் எடுத்து ஸஹீதாவிடம் நீட்டினாள்.

"அவள்ற விரலில முள்ளுக் குத்தி..." என்று ஸைனம்பு தொடங்கினாள்.

"முள்ளுக் குத்தல்ல மாமி," என்றாள் ஸஹீதா. ஊசியையும் நூலையும் திருப்பி நீட்டினாள். "இது நான் தச்சதில்ல. எனக்குத் தைக்கத் தெரியாது. செடி வளக்கத்தான் தெரியும். உம்மாவக் கோவிக்காதீங்க, எனக்காகத்தான் சொன்ன."

ஸைனம்பு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவதும் போயிற்று.

ஹவ்வா உம்மா எழுந்து போகவில்லை. நூலைச் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"நீயும் 'ஓம், நான்தான்' எண்டு சொல்லியிருந்தா, தேத்தண்ணியக் குடிச்சிட்டு எழும்பிப் போயிருப்பன் மகள்."

ஸைனம்பு நிமிர்ந்தாள். "உங்களுக்கு முன்னமே தெரியுமா லாத்தா?"

"தெரியாம? என்ட மகன்ட வாப்பா மவுத்தாகி நான் தனிச்சுப் போன நாளில இருந்து, கூலிக்குத் தைக்கிறாள் எண்டு ஊர் குறைவாச் சொல்லும் எண்டுதான் கதவச் சாத்திக்கிட்டுத் தைக்கிறன். அதால உங்களக் கோவிக்க எனக்கும் வாயில்ல."

"அப்ப இந்த உறை...?"

"நாலும் என்ட கைதான்," என்று ஹவ்வா உம்மா ஸஹீதாவின் மண் படிந்த விரல்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு பூக் கேட்டதுக்குச் செடிய வேரோட அனுப்பின கை ஆருடையது எண்டு கச்சி முகம்மதுட்டக் கேட்டுத்தான், மகனுக்குப் பொண்ணு கேட்டு வந்திரிக்கன்."