மலைக்குப் போன விளக்குமாறு

மலையில் தீ என்றதும் மண்வெட்டி கிளம்பியது. கூப்பிடாமலே பின்னால் ஓடியது வாசல் கூட்டும் விளக்குமாறு.

"தீயை அடிச்சா நீதான் எரிவே, தாயி. முன்னாடி போய்ச் சருகைக் கூட்டு. வெறும் தரையைத் தீ தாண்டாது," என்றது மண்வெட்டி.

விளக்குமாறு மூச்சுவிடாமல் கூட்டியது. திரும்பிப் பார்த்த மண்வெட்டிக்குத் திக்கென்றது. வாசலில் செய்வதுபோலவே சருகை அழகாகக் குவித்திருந்தது, அதுவும் தீ வரும் வழியில்.

"இது தீக்குப் பந்தி வெச்ச மாதிரி. தீ வராத பக்கமா இறைச்சு விடு."

"இறைக்கவா? அது எனக்குப் பழக்கமில்லையே அண்ணே."

முனகிக்கொண்டே இறைத்தது. வெறும் தரைக்கு வந்த தீ மெல்ல அடங்கியது.

மறுநாள் காலை, பாதி கருகிய விளக்குமாறு வாசல் குப்பையை மும்முரமாக நாலாபக்கமும் இறைத்துக்கொண்டிருந்தது.

"தீ அணைஞ்சிருச்சு, தாயி," என்றது மண்வெட்டி.