பயாலஜி வகுப்பு நேரத்தில்

டியூஷன் சென்டரின் இதே படியில்தான் அவனும் ஏறிப் போயிருப்பான். நினைக்கும்போதே சண்முகவடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் யார் என்பதுதான் தெரியவில்லை.

ஒருவன் இருக்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. மகள் செண்பகா பன்னிரண்டாம் வகுப்பு. டாக்டராக்க வேண்டும் என்று நீட் டியூஷனில் சேர்த்திருந்தார்கள். பயாலஜி வகுப்புக்கு வரவில்லை என்று அப்பாவின் போனுக்கு மெசேஜ் மேல் மெசேஜ். பெண்ணோ வழக்கமான நேரத்துக்குத்தான் வீடு திரும்புகிறாள். அப்படியானால் அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறாள்?

அதோடு அந்தச் சிரிப்பு.

அவித்த முட்டையைத் தட்டில் சுற்றிவிட்டுச் சிரிக்கிறாள். பக்கெட் தண்ணீரைக் கலக்கிவிட்டு, அது அடங்கும்வரை பார்த்துச் சிரிக்கிறாள். கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா, இது என்ன நோய் என்று?

"பையன் கியன்னு ஏதாவது தெரிஞ்சுது, படிப்பு கட்டு. எங்க அக்கா மகனுக்குப் பேசி முடிச்சிருவேன்" என்று அப்பாக்காரர் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனுஷன்.

கீழே டியூஷன் ஆபீஸில் இருந்த பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. சாதாரணமாகத்தான் சொன்னாள். "செண்பகாவா? அது பயாலஜிக்குப் போகாதுக்கா. மொட்டமாடி ரூம்ல இருக்கும். காலேஜ்ல பிசிக்ஸ் சேரப் பரீட்சை எழுதுத பிள்ளைக நாலஞ்சு பேரு அங்க படிக்காவ."

பிசிக்ஸாம். யாருக்குக் காது குத்துகிறார்கள்?

மாடிக்கு வந்து ஜன்னலோரம் நின்று எட்டிப் பார்த்தாள். செண்பகா, இன்னொரு பெண், மூன்று பையன்கள்.

ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். இவனாக இருக்காது. அடுத்தவன் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தான். இவனையா? சே. மூன்றாமவன் தலையைப் படிய வாரி, விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இந்த நல்ல பிள்ளைகளைத்தான் நம்பக் கூடாது.

மகளின் கண் எங்கே போகிறது என்று பார்த்தாள்.

அவன் பக்கம் போகவில்லை. எவன் பக்கமும் போகவில்லை. நேராக வாத்தியார் மேல் இருந்தது. இமைக்கக்கூட இல்லை.

வாத்தியாரா? பாவி, அந்த ஆளுக்குக் கல்யாண வயதில் பிள்ளை இருக்கும் போலிருக்கிறதே.

அப்போது வாத்தியார் சாக்பீஸ் எடுக்க மேசைப் பக்கம் நகர்ந்தார்.

மகளின் கண் கூடவே நகரவில்லை.

அது கரும்பலகையிலேயே நின்றது. அங்கே ஒரு சக்கரம் வரைந்திருந்தது. சுற்றிலும் அம்புக்குறிகள், கீழே என்னவோ எழுத்துகள். செண்பகாவின் உதடு மெல்ல விரிந்தது.

அதே சிரிப்பு.

சண்முகவடிவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையன் இல்லை.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. பையன் என்றால் கூப்பிட்டு மிரட்டலாம். அவன் வீட்டு வாசலில் போய் நின்று நாறடித்துவிட்டு வரலாம். இவளும் கொஞ்ச நாள் அழுதுவிட்டு மறந்துவிடுவாள். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

டாக்டரம்மா என்று தெருவே கூப்பிடும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பாள்.

ஆனாலும் ஜன்னலைவிட்டு நகர முடியவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் எதையும் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அவளும்தான்.

போன் அதிர்ந்தது. அவர்தான்.

"ஏட்டி, ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?"

"ஆளுமில்ல, ஒண்ணுமில்ல. பயாலஜி கிளாஸ்லதான் இருக்கா. மெசேஜ தப்பா அனுப்பியிருக்காவ."



"சரி, அதுக்கு நீ ஏன் குசுகுசுன்னு பேசுத?"

அவள் ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டாள்.

"பிள்ள படிக்காள்லா."