ஆயர் தூங்கிய வீடு

கடப்பாறையைக் கீழே போட்ட பிறகுதான் பெயின்டருக்குப் பயமே வந்தது.

என்ன செய்வார் பாவம்! ஊரிலிருந்து வந்து இறங்கிய மாமியாரின் சக்கர நாற்காலி வாசல் நிலையில் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மழை வேறு. "என்ன மாப்பிள்ளை, என்னை இங்கேயே கதவா மாட்டிடப் போறீங்களா?" என்று குடைக்குள்ளிருந்து கேட்டார் மாமியார். பெயின்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலு போடு போட்டார். நிலையும் சுவரில் பாதியும் கீழே கிடக்க, மாமியார் மகாராணியாக உள்ளே போனார்.

தன் வீட்டு வாசலைத் தானே இடித்தால் ஊருக்கென்ன? இந்த வீட்டில் அது நடக்காது. நெற்றியிலேயே பித்தளைப் போர்டு. 'பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம். மாற்றம் செய்வது குற்றம்.' அந்தச் சின்ன ஊரில் இப்படிப்பட்டவை மூன்றே மூன்று. தேவாலயம், மணிக்கூண்டு, அப்புறம் இது. எந்தக் காலத்திலோ ஓர் ஆயர், அதுதான் பிஷப், ஒரு ராத்திரி இங்கே தூங்கினாராம்.

"அவர் ஒரு ராத்திரி தூங்கினதுக்கு நாம ஆயுசு பூரா தூக்கம் கெடணுமா?" என்று பெயின்டரின் மனைவி கேட்காத நாளில்லை.

வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு, மலிவாக வந்தது. ஏன் மலிவு என்பதைக் குடிவந்த அன்றே எதிர் வீட்டு ரூல்ஸ்காரர் போர்டைக் காட்டி விளக்கிவிட்டார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். இரண்டு வீடும் ஒரே கொத்தனார் கட்டிய இரட்டைப் பிள்ளைகள்தான். ஆனால் அவருடையது டைல்ஸ், ஆளுயரக் கண்ணாடி ஜன்னல், அலுமினியக் கதவு என்று புது மாப்பிள்ளை மாதிரி மினுங்கும். இங்கே ஆணி அடிக்கும் சத்தம் கேட்டால் போதும், "போர்டைப் படிச்சீங்களா தம்பி? ஜெயில் உண்டு" என்று வந்து நின்றுவிடுவார்.

"அனுமதி கேட்டு எழுதிப் பார்க்கட்டுமா சார்?"

"ஐயையோ, அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க. வந்தாங்கன்னா தோண்டித் துருவிடுவாங்க!"

வாசல் இடிந்த மறுநாள் காலையில் பங்குச் சாமியார் சைக்கிளில் வந்தார். "இன்னைக்கு மத்தியானம் தொல்லியல் ஆபீசரம்மா வர்றாங்க. போர்டு போட்ட கட்டடம் எல்லாத்தையும் பார்ப்பாங்களாம்" என்றவர், வாசலைப் பார்த்தார். "காத்து நல்லா வருது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

மனைவி உட்கார்ந்துவிட்டாள். "உங்களைப் பிடிச்சுட்டுப் போவாங்க. வாசலைப் பழையபடி அடைக்கச் சொல்லுவாங்க. அம்மாவை மறுபடியும் அண்ணன் வீட்டு மாடியிலயா கொண்டுபோய் விடறது? அங்க ஒரு வாய் தண்ணி கேட்கக்கூட ஆள் கிடையாதுங்க!"

ஜன்னலோரம் இருந்த மாமியார் எதிர் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் மாப்பிள்ளை, அந்த ஆபீசருக்கு உங்க வீட்டைத் தெரியுமா?"

"தெரியாது அத்தை. இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல."

"அப்ப போர்டை வெச்சுத்தானே கண்டுபிடிப்பாங்க? ரெண்டு வீடும் ஒரே அச்சு. அந்த மனுஷன் கண் டாக்டரைப் பார்க்க டவுனுக்குப் போயாச்சு. நீங்களோ பெயின்டர். ஏணியில நிக்கிற பெயின்டரை எவன் கேட்கப் போறான்?"

"அத்தை, இது மோசடி!"

"தானம்னு வெச்சுக்கங்க."

ஏணி தெருவைக் கடந்தது. எதிர் வீட்டு டைல்ஸுக்கு மேலே போர்டை வைத்துப் பார்த்தார் பெயின்டர். நாலு மூலைக்கும் சரியாக, பெயின்டுக்கு அடியில் நாலு பழைய ஓட்டை, மக்குப் பசை வைத்து அடைத்தது. பெயின்டர் கண்ணுக்கு மக்கு தப்புமா? சுரண்டினார். ஸ்குரூ நாலும் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கின. 'ஏதோ விளக்கு மாட்டின ஓட்டை போல. நமக்கு நல்ல நேரம்' என்று நினைத்துக்கொண்டு, தன் வீட்டு ஓட்டைகளையும் மக்கு வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்தார்.

மத்தியானம் ஜீப் வந்தது. தலை நரைத்த ஆபீசரம்மா இறங்கி, சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்த பெயின்டரைப் பார்த்தார். "என்ன வேலை நடக்குது?"

"மாமியார் நாற்காலிக்கு வாசலை அகலம் பண்றேம்மா."

"தாராளமா பண்ணுங்க" என்றவர் எதிர்ப்பக்கம் திரும்பினார்.

அந்த நேரம் பார்த்து டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினார் ரூல்ஸ்காரர். போர்டைப் பார்த்தார். வாய் திறந்தது. 'போச்சு, கத்தப் போறார்' என்று பெயின்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், ரூல்ஸ்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆபீசரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது.

"டைல்ஸ், கண்ணாடி, அலுமினியம்! அத்தனையும் பிரிச்சு, பழையபடி ஆக்கணும். உங்க செலவுல. இல்லேன்னா கேஸ்தான்" என்றார் ஆபீசரம்மா. ஊருக்கே சட்டம் சொன்ன மனிதர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்.

பெயின்டருக்கு மனசு கேட்கவில்லை. ஆயிரம்தான் இருந்தாலும் பழி பாவம் இல்லையா? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சிமென்ட் கரண்டியைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்.

அதற்குள் ஆபீசரம்மா அண்ணாந்து பார்த்து, அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் மாட்டின முதல் போர்டு! வீட்டைத்தான் சின்னாபின்னம் பண்ணிட்டீங்க. நல்லவேளை, நான் என் கையால முடுக்கின அதே நாலு ஓட்டையில, ஒரு நூல்கூட நகராம அப்படியே இருக்கு!"