உரிந்த பட்டை

"கத்தியைக் கீழ போடுடா."

தேவராஜ், குணசேகரனின் சட்டைக் காலரைப் பிடித்து மாமரத்தோடு வைத்து அழுத்தினான். குணசேகரன் கையில் பேனாக்கத்தி. மரத்தின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் பட்டை கிட்டத்தட்ட வளையமாக உரிந்து, உள்மரம் வெளுத்துத் தெரிந்தது; ஓரங்களில் தோலைச் சுடும் மாம்பால் கசிந்து உறைந்திருந்தது.

ஹைதராபாத் குஷாய்குடா பக்கத்துக் கம்பெனிக் குவார்ட்டர்சில் அப்போதுதான் விடிந்திருந்தது. சத்தம் கேட்டு வேலியோரம் ஆட்கள் கூடிவிட்டார்கள். அடுத்த வீட்டு வாசலில் குணசேகரனின் கட்டிலும் பீரோவும் ஏற்றிய லாரி புறப்படத் தயாராக நின்றது.

ஸ்ட்ரைக் முடிந்ததும் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களில் குணசேகரனும் ஒருவன். கம்பெனி கேட்டில் நடந்த கல்வீச்சுக்கு அவன்தான் ஆள் சேர்த்தான் என்று சொல்லி வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஸ்ட்ரைக்கின்போதும் கம்பெனி பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போய்வந்த தேவராஜ் இப்போது ஃபோர்மேன்.

"போற போக்குல என் மரத்தைக் கொன்னுட்டுப் போகலாம்னு பார்த்தியா? என் மேல கோவம்னா என்னை அடி. மரம் உனக்கு என்னடா பண்ணுச்சு?"

"நான் உரிக்கல. காலையில பல் விளக்கறப்ப வேலி வழியாத்தான் பார்த்தேன்." குணசேகரன் மூச்சு வாங்கப் பேசினான். "பிசிறைச் சீவிட்டுச் சாணியும் செம்மண்ணும் பூசலாம்னு வந்தேன். ஒரு பக்கம் பட்டை இன்னும் ஒட்டிட்டிருக்கு. சாக்கு சுத்திக் கட்டினா பொழைச்சுக்கும்."

அவன் காலடியில் ஒரு தகரத் தட்டில் சாணி குழைத்து வைத்திருந்தது உண்மைதான். தேவராஜ் அதைக் காலால் எத்திவிட்டான்.

"என் மரத்து மேல உனக்கு என்ன அக்கறை?"

"இதுக்குக் குழி தோண்டினது நாம ரெண்டு பேரும்தானே. இந்தப் பாறையில கடப்பாறையே வளைஞ்சு போச்சு, மறந்துட்டியா?"

தேவராஜ் மறக்கவில்லை. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. ஓங்கி ஓர் அறை விட்டான்.

"தோண்டிட்டா ஆச்சா? குழாய்ல தண்ணி வராத கோடையில துணி அலசின தண்ணியைச் சுமந்து சுமந்து ஊத்துனது யாரு? பூ எடுக்கறப்பல்லாம் தத்துப்பூச்சிக்கு மருந்தடிச்சுக் கண்ணு எரிய நின்னது யாரு? ஸ்ட்ரைக் சமயத்துலகூடப் பெரிய ஆபீசர் ஜீப் போட்டுக்கிட்டு வந்து இதே மரத்தடியில உக்காந்து பழம் சாப்பிட்டுப் போனாரு. இப்படிப் பங்கனப்பள்ளி எங்கயும் தின்னதில்லைன்னாரு. அந்த வயித்தெரிச்சல்டா உனக்கு."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எதிர்வீட்டு ஜுலைகா ஹைதராபாத் உருது கலந்து குறுக்கிட்டாள். "நக்கோ தம்பி, வேணாம், விடு. கைக்கு, எதுக்கு இந்த வம்பு? லாரி நிக்குது, அவர் பாட்டுக்குப் போகட்டும்."

"போகட்டுமா? போலீஸ் வரட்டும், அப்புறம் எங்க போறான்னு பார்க்கறேன்." காலரை விடாமலே வீட்டுப் பக்கம் திரும்பினான். "கனகம், சைக்கிள் சாவியைக் கொண்டா."

அவன் மனைவி கனகம் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய மணிக்கட்டில் கன்றிப்போன கொப்புளங்கள். முந்தின நாள் இரவு அவன் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது, தாளிக்கையில் எண்ணெய் தெறித்துவிட்டது என்று சொல்லியிருந்தாள்.

வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

"சாவி எங்கடி?"

கனகம் மரத்தடியில் குனிந்தாள். கவிழ்ந்து கிடந்த தட்டை நிமிர்த்தி ஓரமாக வைத்தாள். குணசேகரனின் கடைவாயில் ரத்தம் கசிவதைப் பார்த்தாள்.

"நீ போ தங்கச்சி, இதுல வராத," என்றான் குணசேகரன்.

அவள் போகவில்லை. புருஷனின் விரல்களை ஒவ்வொன்றாகக் காலரிலிருந்து பிரித்தாள். வேலியோரம் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பட்டையை உரிச்சது நான். இதே மரத்தடியில வச்சு அந்த ஆபீசர்கிட்ட, கல்வீச்சுக்கு இவர் பேரைப் போட்டுக் குடுத்தது நீங்க."