ஆடாத சுடர்

சுருவிலில், வீட்டுக் கூரைமேல் சரிந்து நிற்கிற பட்ட வேம்பை எதிர்ப்பக்கத்து முற்றத்தில் விழுத்தப் பார்க்கிறான் பிரதாபன். மெசின் வாள் அறுத்த வெட்டுக்குள் இரண்டு ஆப்புகளை இறுக்கியாகிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் மரத்துக்குள் எலும்பு நெரிகிற சத்தம். முற்றத்துப் பக்கமிருந்து அடிக்கிற சோழகக் காற்றுதான் இப்போது அதை விழவிடாமல் பிடித்திருக்கிறது. ஆப்பு தளர்ந்தால் மரம் விழ வெளிக்கிட்டுவிட்டது என்று அர்த்தம். ஆப்பில் கையை வைத்தபடி நிமிர்கிறான். வேலிக்கு வெளியே அவன் நிறுத்திவிட்டு வந்த வீட்டுக்காரி சீதேவி, முற்றத்து நடுவில், மரத்தடியில் நட்ட வைரவர் சூலத்துக்கு நேரே குந்தியிருக்கிறார். கையில் கற்பூரத் தட்டு. “அக்கா, அதிலை இருக்காதேங்கோ. வெளியாலை போங்கோ.” மற்றக் கையை வேலிப் பக்கம் வீசிக் காட்டுகிறான். “காலமை கொளுத்தினது காத்திலை நூந்து போச்சுத் தம்பி. வைரவரிட்டைக் கேளாமல் விழுத்த ஏலாது. கொஞ்சம் பொறும்.” நெருப்புக்குச்சி அணைகிறது. அடுத்ததும் அணைகிறது. ஓடிப்போய் அவரைத் தூக்க நினைக்கிறான், ஆனால் ஆப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. மூன்றாவது குச்சியில் கற்பூரம் பற்றிக்கொள்கிறது. சுடர் ஆடாமல் நேராக நிற்கிறது. வேப்பங்கொப்புகளிலும் அசைவில்லை. காற்று விழுந்துவிட்டது. அவன் விரலுக்கடியில் ஆப்பு மெல்லத் தளர்கிறது.